குடிகாரக் கொத்தனாரின் பேத்தி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆவடியில், என் கணவர் வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா இறந்த பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். அம்மாவின் ஊர் தூரமில்லை. குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே கொஞ்சம் நடந்தால் ஒரு மாதா கோயிலும், அதைச் சுற்றி எங்கள் சனங்களின் வீடுகளும் வரும். அங்கேதான் அம்மா பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள். யார் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். பெயரை எழுதாததால் நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கோயிலைக் கட்டியவர்களில் ஒருவர் என் தாத்தா, அம்மாவின் அப்பா. கொத்தனார். மணிக்கூண்டு கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா அப்போது இடுப்பில் இருந்த குழந்தை. தாத்தாவைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கும் ஊருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். குடித்துவிட்டு மேலே ஏறினார், விழுந்தார்.

இதை ஊரில் ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு திருநாளுக்கும் கொடியேற்றம் முடிந்து ஆண்கள் கூட்டமாக நின்று பேசும்போது யாராவது ஒருவர் மணிக்கூண்டைக் காட்டி, “குடிச்சிட்டு மாதாவுக்கு முத்தம் குடுக்கப் போனான் கொத்தன், மாதா புடிச்சுத் தள்ளிட்டா” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் விவரம் புரியாமல் நானும் சிரித்திருக்கிறேன். அம்மா அந்தப் பக்கம் நிற்கவே மாட்டாள். கோயிலின் பக்கவாசல் வழியாகப் போய், பக்கவாசல் வழியாகவே வந்துவிடுவாள்.

அம்மாவுக்கு ஊரில் பெயரே கிடையாது. ‘குடிகாரக் கொத்தன் மவ’ என்றால்தான் தெரியும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் யாரோ போய் இதைச் சொல்லி, வந்த இடம் தட்டிப்போனதாம். கடைசியில் என் அப்பாவைக் கட்டி வைத்தார்கள். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் சண்டை வந்தால், “அந்த ரத்தம்தானே ஓடுது” என்று ஒரு வார்த்தை விடுவார். அம்மா அதற்குமேல் பேச மாட்டாள். 

நாங்கள் ஆவடிக்கு வந்த பிறகும் திருநாளுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் அந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். அந்த வருஷம் கோயிலுக்குப் பெரிய விழா. பிஷப் வருகிறார், மலர் ஒன்று போடுகிறார்கள், அதில் பங்கின் பழைய குடும்பங்களைப் பற்றி எழுதப்போகிறார்கள் என்று பூசையில் அறிவித்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் முன்னோரைப் பற்றிய விவரத்தை, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று கோயில் பதிவுகளைப் பார்த்துச் சரியாக எழுதித் தர வேண்டுமாம்.

நான் தாத்தாவைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று கிளம்பினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேல? குடிச்சிட்டு வியுந்தான்னு புத்தகத்துல வேற போடணுமா?”

“விழுந்தாருன்னு மட்டும்தானேம்மா நமக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு மனுஷனா இருந்திருப்பாருல்ல. அதை எழுதலாம்.”

“இன்னாவோ பண்ணு” என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிக்கொண்டாள்.

பூசைப் பொருட்கள் வைக்கும் அறையில் ஒரு மர அலமாரி. அதில்தான் பழைய பதிவேடுகள் இருந்தன. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சாவியைக் கொடுத்துவிட்டு, கிழித்துவிடாதே என்று பத்து முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் லத்தீன். ஆனால் பெயர்கள் தெரிந்தன, தேதிகள் தெரிந்தன. பாதிப் பக்கங்களில் ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. புரியாத இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் பங்குச் சாமியாரிடம் கேட்பேன். இளவயதுக்காரர், பொறுமையாகச் சொல்வார்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தாத்தா எனக்குக் கிடைக்க ஆரம்பித்தார். அவருடைய அப்பா ஒரு கூலியாள். தாத்தா பிறந்ததும் அங்கேயேதான். கல்யாணப் பதிவில் சாட்சிகள் எல்லாரும் கைநாட்டு, தாத்தா மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார். கோணல்மாணலான தமிழ் எழுத்து. அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து, சில மாதங்களில் இறந்து அடக்கமாகியிருந்தது. அம்மாவுக்கே அது தெரியாது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, “எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா” என்று கேட்டாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஞானஸ்நானப் பதிவுகளில் ஞானத்தகப்பன் பெயர் எழுதுவார்கள் அல்லவா, அந்த இடத்தில் தாத்தாவின் பெயர் அடிக்கடி வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு, கூட வேலை செய்த சித்தாளின் குழந்தைக்கு, அந்தக் காலத்து உபதேசியாரின் குழந்தைக்கு என்று ஏழெட்டு இடத்தில் அவர்தான் நின்றிருந்தார். விழுந்த வருஷத்தில்கூட ஒரு குழந்தைக்கு நின்றிருக்கிறார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க, ஊரில் பேர்போன குடிகாரனையா கூப்பிடுவார்கள்?

ஆனால் அடக்கப் பதிவைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. பெயர், வயது, கொத்தன், விழுந்து மரணம். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு லத்தீன் வார்த்தை. சாமியாரிடம் காட்டினேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே, “போதையில் இருந்தவர்னு அர்த்தம்மா” என்றார்.

பழைய கிராமத்து ஜனன மரணப் பதிவுகள் அரசாங்க ஆபீஸில் இருக்கும் என்று என் கணவரின் நண்பர் ஒருவர் சொன்னார். அலைந்து அங்கேயும் பார்த்து நகல் வாங்கினேன். அந்தக் காலத்துக் கிராம முன்சீப் எழுதி அனுப்பியதிலிருந்து ஏறிய பதிவு அது. அங்கேயும் அதேதான். மது அருந்திய நிலையில் சாரத்திலிருந்து விழுந்து மரணம்.

கோயில் ஒன்று எழுதியிருக்கிறது, அரசாங்கம் ஒன்று எழுதியிருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்குத் தாத்தா மேல் ஆத்திரம் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு அவ்வளவு உயரம் ஏறலாமா ஒரு மனுஷன்? அந்தக் கோபத்தோடுதான் நகலைக் கொண்டுபோய் விழாக் குழுவின் செயலாளரிடம் கொடுத்தேன். எல்லாக் குடும்பமும் கொடுத்தது, நானும் கொடுத்தேன்.

செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோயிலைக் கட்டிக் கொடுத்த உபயதாரர் என்று அதில் பெரிதாக ஒரு பெயர். அந்த உபயதாரரின் பேரன்தான் செயலாளர். ஊரில் பெரிய குடும்பம். மரியாதையாகப் பேசுவார், சிரித்த முகம்.

இரண்டு வாரம் கழித்து, மலரில் வரப்போவதைப் பழைய குடும்பத்தார் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். உபயதாரரைப் பற்றி நாலு பக்கம். அவர் எப்படித் தன் நிலத்தைக் கொடுத்தார், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்று எப்படி வேலை வாங்கினார் என்று. கடைசியில் ‘சுவையான தகவல்’ என்று ஒரு கட்டம். அதில் என் தாத்தா. குடித்துவிட்டு மாதாவுக்கு முத்தம் கொடுக்கப்போன கொத்தனார். அந்த வேடிக்கைக் கதையை அப்படியே போட்டு, ‘அரசுப் பதிவேடும் இதை உறுதி செய்கிறது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்த நகல்.

நேராகச் செயலாளரிடம் போய் நின்றேன்.

“இத எடுத்துடுங்க சார். எங்கம்மா உயிரோட இருக்காங்க. அவங்க அப்பா இவரு.”

“தப்பா எதுவும் எழுதலியேம்மா. ஆதாரத்த நீங்கதானே குடுத்தீங்க?”

“ஆதாரம்னா எல்லாத்தையும்தான் பாக்கணும். உபதேசியார் குழந்தைக்கே ஞானத்தகப்பனா நின்னிருக்காரு. குடிகாரனை நிக்க வெப்பாங்களா?”

அவர் சிரித்தார். “அன்னைக்கு ஒரு நாள் குடிச்சிருக்கலாம் இல்லையா? எங்க அத்தை ஒருத்தங்க கொரட்டூர்ல கீறாங்க. தாத்தாவோட கடைசிப் பொண்ணு. சின்னப் புள்ளையா அங்க நின்னு நேர்ல பாத்தவங்க. சந்தேகம் இருந்தா அவங்களையே போய்க் கேட்டுக்குங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க.”

அத்தனை தைரியமாக அவர் சொன்னதை நினைத்தால், அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

அடுத்த வாரம் ஆவடியில் மின்சார ரயிலைப் பிடித்துக் கொரட்டூரில் இறங்கினேன். ஏரிக்கரைப் பக்கம் மாடி வீடு. அந்த அம்மாள் மகன் வீட்டில் இருந்தார். எண்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, கண் நன்றாகத் தெரிந்தது, காதும் கேட்டது. கோயில் மலர் விஷயமாக வந்திருக்கிறேன், உங்கள் அண்ணன் மகன் அனுப்பினார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார்.

கோயில் கட்டிய கதையை அவரே ஆரம்பித்தார். அப்பாவை நைனா என்றுதான் சொன்னார். நைனா எங்கிருந்து கல் கொண்டுவந்தார், எந்த ஆசாரி பீடம் செய்தார் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் மணிக்கூண்டுக்கு வந்தேன்.

“அந்தக் கொத்தனார் விழுந்தாராமே, நீங்க பாத்தீங்களாம்மா?”

“பாக்காம? நைனா பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். சாரத்துக் கயிறு பழசாப் போச்சு, புதுக் கயிறு வாங்கிக் குடுங்கன்னு அந்தக் கொத்தன் வந்து வந்து கேட்டுகினே இருந்தான். நைனா, திருநாளுக்குள்ள முடிடா, அப்புறம் பாக்கலாம்னுட்டாரு. மழ வேற பேஞ்சிருந்துச்சு. அறுந்துபோச்சு.”

“குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்களே?”

அந்த அம்மாள் சிரித்தார். ஒரு சாமர்த்தியமான கதையைச் சொல்லப்போகிறவர் சிரிக்கிற மாதிரி.

“அவன் எங்க குடிச்சான்? அதெல்லாம் நைனாவோட மூள. வியுந்த உடனே உசுரு பூடுச்சு. நைனாவுக்கு கை காலு ஓடல. முன்சீப்பு வருவாரு, போலீஸ் வரும், கயிற பாப்பாங்க, கேஸு ஆவும், கோயில் வேலையே நின்னுபூடும். சட்டுனு ஆளு அனுப்பி சாராயம் வாங்கியாரச் சொன்னாரு. வாயில கொஞ்சம், சட்ட மேல கொஞ்சம் ஊத்தச் சொன்னாரு. முன்சீப்பு வந்து குனிஞ்சு மோந்து பாத்தாரு. அவ்ளோதான், எழுதிகினு போய்ட்டாரு. சாமியாரும் அத்தயே எழுதிட்டாரு. நைனா மட்டும் அன்னைக்கு யோசிக்கலன்னா இன்னைக்கு உங்களுக்குக் கோயில் ஏது?”

அந்த அம்மாள் எதையும் ஒப்புக்கொள்ளும் தொனியில் சொல்லவில்லை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. தன் அப்பாவின் கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் உதாரணமாகச் சொன்னார். மலரில் வரட்டும் என்றே சொல்லியிருக்கலாம்.

“அம்மா, நான் அந்தக் கொத்தனாரோட பேத்தி” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அப்பிடியா. அவன் பொண்டாட்டிக்கு எங்க ஊட்டுலதான் வேல போட்டுக் குடுத்தோம். நெல்லு குத்துவா. நைனா கைவுடல.” பிறகு, “காபி ஆறுது பாரு, குடி” என்றார்.

உண்மைதான். என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, அந்த வீட்டில்தான் நெல் குத்திப் பிழைத்தாள். குடிகாரன் பெண்டாட்டிக்கும் வேலை கொடுத்த புண்ணியவான் என்று அந்த மனுஷனைக் கும்பிட்டுக்கொண்டே பிழைத்தாள். அந்தக் காபியை நான் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். கொரட்டூர் ஸ்டேஷனில் ஆவடி வண்டிகள் வந்து வந்து போயின. ஏற மறந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. திரும்பப் போய் அந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு என்ன தெரியும், சரி. அதற்கப்புறம் எழுபது வருஷம் இருந்ததே. ஒவ்வொரு திருநாளுக்கும் அந்த வேடிக்கைக் கதையைக் கேட்டிருப்பார்தானே. அம்மா பக்கவாசல் வழியாகப் போவதைப் பார்த்திருப்பார்தானே.

வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வாயிலயுமா ஊத்துனாங்க?”

“ஆமாம்மா.”

அப்போதுதான் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“எங்கம்மாதான்டி கயுவுனா. பொணத்த ஊட்டாண்ட எட்துகினு வந்து போட்டாங்களாம். கிட்டப் போனாலே நாத்தமாம். கல்யாணத்தப்ப, இனிமே சாராயத்தத் தொட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருந்தாராம் அவரு. அந்த நாத்தத்த மோந்துகினே கயுவுனா எங்கம்மா. பொய்ச் சத்தியம் பண்ணிட்டு, என்ன ஏமாத்திட்டு, கொயந்தய நடுத்தெருவுல வுட்டுட்டுப் பூட்டானேன்னு சாவுற வரைக்கும் திட்டிகினே இருந்தா. ஒரு பூச வெக்கல. கல்லறத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்தல. என்னையும் கொளுத்த வுடல.”

அம்மா இதை அழாமல்தான் சொன்னாள். எனக்கு அதுவரை இருந்த கோபம் ஒன்று, அதற்குப் பிறகு வந்த கோபம் வேறு. ஒரு மனுஷனின் உயிர் போனது ஒரு கயிற்றால். கயிறு வாங்கித் தராதது கஞ்சத்தனம், அவசரம், அலட்சியம், எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் செத்துக் கிடந்தவனின் வாயில் சாராயத்தை ஊற்றியபோது, அவன் பெண்டாட்டியின் மனசிலிருந்தும் அவனைப் பிடுங்கி எடுத்துவிட்டார்களே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விழாக் குழு கூடியது. போய் நின்றேன். சாமியாரும் இருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், சாராயத்தைச் சொன்னேன், யார் வாயால் கேட்டேன் என்பதையும் சொன்னேன். சுவையான தகவலை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி நாலு வரி போடுங்கள் என்றேன்.

செயலாளரின் சிரிப்பு போய்விட்டது. “அத்தைக்கு வயசாயிடுச்சும்மா. ஞாபகம் முன்னே பின்னே இருக்கும்.”

“போன வாரம் நேர்ல பாத்தவங்கன்னு நீங்கதானே சார் அனுப்புனீங்க?”

“அவங்க சொன்னதுக்கு எழுத்துல என்ன இருக்கு? எங்ககிட்ட கோயில் பதிவு கீது, அரசாங்கப் பதிவு கீது. நீங்க வாயால சொல்றத வெச்சு, செத்துப்போன பெரியவர் மேல கொலைப்பழி போட முடியுமா?”

“எங்க தாத்தாவும் செத்துப்போனவர்தான். அவர் மேல பழி போட மட்டும் எழுத்து கெடைச்சுதா?” என்று கேட்டேன். ஒருவர் நாற்காலியை நகர்த்தினார். இன்னொருவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிளறினா ஊருக்குள்ள பிரிவினைதான் வரும்மா. மன்னிக்கிறது பெரிய விஷயம்.”

“மன்னிப்புக் கேட்டாத்தானே ஃபாதர் மன்னிக்கிறதைப் பத்தி யோசிக்க முடியும். யார் கேட்டாங்க?”

கடைசியில் ஒரு முடிவு சொன்னார்கள். வேடிக்கைக் கதையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக எதுவும் போட மாட்டார்கள். அதாவது, என் தாத்தா மலரில் எங்கேயும் இருக்க மாட்டார். குடிகாரனாகவாவது இருந்தவர், இப்போது ஆளே இல்லை. என்னைச் சமாதானப்படுத்த நினைத்தோ என்னவோ, சாமியார் இன்னொன்றும் சொன்னார். விழாப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பார்கள், அதில் முதியோர் சார்பில் ஒன்றை உங்கள் அம்மா வாசிக்கட்டும் என்றார். அச்சடித்த ஒரு துண்டுத் தாளையும் கொடுத்தார்.

எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்து, “போக வேணாம்மா. இந்த வருஷம் அந்தக் கோயில் பக்கமே போக வேணாம்” என்றேன். அம்மா தாளை வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். “போலாம்” என்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சரி சரி என்றாள்.

விழா அன்று கோயில் நிறைந்து வாசல் வரை கூட்டம். பிஷப் வந்திருந்தார். உபயதாரர் குடும்பம் முதல் வரிசையில் இருந்தது. கொரட்டூர் அம்மாளையும் காரில் அழைத்துவந்து, முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அம்மா அன்று பக்கவாசலுக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாக, நடுவில் நடந்து வந்தாள். நான் பின்னால் வந்தேன்.

மன்றாட்டு நேரம் வந்தது. இளைஞர் சார்பில் ஒரு பையன் வாசித்தான், மாதர் சங்கத்தின் சார்பில் ஒரு பெண் வாசித்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொன்னார்கள். அடுத்து அம்மா. மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. யாரோ வந்து இறக்கி வைத்தார்கள். கையில் இருந்த தாளை அவள் பிரிக்கவே இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தேன், தாளைப் பிரி என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இந்த மணிக்கூண்டக் கட்டும்போது கயிறு அறுந்து வியுந்து செத்துப்போனவரு எங்கப்பா” என்று ஆரம்பித்தாள். அவர் பெயரை முழுசாகச் சொன்னாள். “அவரு குடிக்கல. செத்த பொறவு அவரு வாயில சாராயத்த ஊத்துனாங்க. எங்கம்மா அது தெரியாம அவரத் திட்டிகினே செத்துப்போனா. அவங்க ரெண்டு பேருக்காகவும், ஊத்துனவங்களுக்காகவும் ஆண்டவர மன்றாடுறோம்.”

ஒரு நொடிகூட இடைவெளி இல்லை. பழக்கம்தானே. கோயில் முழுக்க ஒரே குரலாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் சனங்களுக்கு எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. முதல் வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அந்தக் கொரட்டூர் அம்மாளின் உதடும் எல்லாரோடும் சேர்ந்து அசைந்ததை நான் பார்த்தேன். செயலாளர் பாதி எழுந்து, பிஷப் இருப்பதைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். பாடகர் குழு அவசர அவசரமாகக் காணிக்கைப் பாட்டைத் தொடங்கியது. அம்மா மெதுவாக இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் செயலாளர் எங்களை மறித்தார். “பிஷப் முன்னாடி எங்க குடும்பத்த அசிங்கப்படுத்திட்டீங்களேம்மா. எழுதிக் குடுத்தத தானே வாசிக்கணும்?”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எய்திக் குடுத்தத தான இத்தினி வருசமா வாசிச்சிகினு இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இதனால் ஊர் திருந்திவிடவில்லை. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. மலர் தாத்தா இல்லாமல்தான் வெளிவந்தது. கல்வெட்டு அப்படியே இருக்கிறது. பதிவேட்டில் அந்த லத்தீன் வார்த்தையும் இருக்கிறது, பதிவைத் திருத்த வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என் அம்மாவைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு திருநாளில் அந்த வேடிக்கைக் கதையை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் வந்து, எங்கள் அப்பாவுக்கு உங்கள் அப்பாதான் ஞானத்தகப்பன் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அம்மா இரண்டு மெழுகுவத்தி வாங்கினாள். தாத்தாவைப் புதைத்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டையும் ஆயாவின் கல்லறையிலேயே கொளுத்தி வைத்தாள். “கேட்டுக்கினியா, அவரு குடிக்கல” என்று மண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். சில வருஷங்களில் அம்மாவும் போய்விட்டாள்.

எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று ஆசையும் இல்லை. ஆனால் என்னை அதிகம் வதைப்பது ஆயாவின் கோபம்தான். அவள் வாழ்நாள் முழுக்கக் கோபப்பட்டாள், நியாயமாகத்தான் கோபப்பட்டாள். அந்தக் கோபம் யார் மேல் விழ வேண்டுமோ அவர்கள் மேல் விழாதபடி, அவளுக்குப் பிரியமான மனுஷன் மேலேயே விழும்படி யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். அதனால்தான் இப்போதெல்லாம் எனக்கு யார் மேலாவது ஆத்திரம் பொங்கினால், முதலில் கொஞ்சம் நின்று, இந்த ஆத்திரத்தை இவர் பக்கம் திருப்பி வைத்தது யார் என்று கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.